கர்ப்பிணி புகைப்பதில்லை, ஆனாலும் கிளினிக்கில் புகையைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்?

கர்ப்பிணித் தாய்மாரும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களும் புகைப்பழக்கத்தை விடுவதற்கு உதவ மருத்துவிச்சிகளுக்கும் தாதியருக்கும் வைத்தியர்களுக்கும் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கொழும்பில் ஒரு கேள்வி உடனே வந்துவிடும்: எங்கள் பெண்கள் எங்கே சிகரெட் பத்துகிறார்கள்? இது வெளிநாட்டுப் பிரச்சினை, இங்கே எதற்கு?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2015 இல் இலங்கை முழுவதும் நடந்த தொற்றா நோய் ஆபத்துக் காரணி ஆய்வில், புகைக்கும் பெண்கள் ஒரு வீதத்துக்கும் குறைவு. ஆனால் அதே ஆய்வில் ஆண்களில் சுமார் 29 வீதத்தினர் புகைப்பவர்கள். புகைக்காமல் வாயில் போடும் புகையிலையைப் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர், பெண்களில் சுமார் 5 வீதம். இந்த நான்கு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், தாயின் கையில் சிகரெட் இல்லை என்பதால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் புகையிலை எட்டவில்லை என்று சொல்லிவிட முடியாது.

எனவே பயிற்சி இங்கேயும் தேவை. ஆனால் இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ எழுதிய பாடத்தை அப்படியே கொண்டு வந்தால், அது நம் வீடுகளில் இல்லாத ஒரு பழக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும். இங்கே கேட்க வேண்டியது தாயின் சிகரெட்டைப் பற்றி மட்டும் என்றால் பாதிக் கேள்வி விடுபட்டுப் போகும். கணவரின் புகை, மாமனாரின் பீடி, தாயின் வெற்றிலைக்கூறு ஆகிய மூன்றையும் கேட்கவும், கேட்ட பிறகு ஏதாவது செய்யவும் தெரிந்தவர்களே நமக்குத் தேவை.

## புகை பிள்ளையை எப்படி எட்டுகிறது

முதலில் சில சொற்கள். புகைப்பவர் உள்ளே இழுப்பது நேரடிப் புகை. அவர் வெளியே விடும் புகையும், எரியும் நுனியிலிருந்து எழும் புகையும் கலந்து அருகில் இருப்பவரின் மூச்சில் போவது பிறர் புகை. புகை அடங்கிய பிறகும் சட்டை, திரைச்சீலை, மெத்தை, தலைமுடி ஆகியவற்றில் படிந்து கிடக்கும் நச்சுப் பொருட்களை ஒட்டிய புகை எனலாம். பால்கனியில் நின்று பத்திவிட்டு உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கும் அப்பாவின் சட்டையில் இருப்பது இதுதான்.

புகையில் ஆயிரக்கணக்கான இரசாயனங்கள் உண்டு. கர்ப்பத்தைப் பொறுத்தவரை இரண்டை முதலில் விளங்கிக்கொண்டால் போதும்.

1. காபனோரொட்சைட்டு. இந்த வாயு இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அது ஏறி இருக்கும் இடத்தில் ஒட்சிசனுக்கு இடம் கிடைக்காது. தாயின் இரத்தத்தில் சேரும் வாயு நஞ்சுக்கொடி வழியாகக் கடந்து, தாயின் இரத்தத்தில் இருப்பதை விடக் கூடிய அளவில் பிள்ளையின் இரத்தத்தில் தங்குகிறது. வெளியேறவும் அங்கே அதிக நேரம் எடுக்கிறது.

2. நிக்கொட்டின். இதுவும் நஞ்சுக்கொடியைக் கடக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையையும் நுரையீரலையும் இது பாதிக்கிறது. புகைப்பவரைப் பழக்கத்தில் கட்டிப்போடுவதும் இதுவே.

தாயே புகைத்தால் பிள்ளை சராசரியாக 150 முதல் 250 கிராம் வரை எடை குறைந்து பிறக்கிறது. குறைமாதப் பிரசவம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே கழன்றுவிடுதல், பிள்ளை இறந்து பிறத்தல், பிறந்த பின் தூக்கத்தில் திடீரென இறந்துபோதல் ஆகிய ஆபத்துகளும் கூடுகின்றன.

பிறர் புகையின் அளவு இதை விடக் குறைவு. அதனால் விளைவும் குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. புகைக்காத கர்ப்பிணிகள் பிறர் புகைக்கு ஆளாகும்போது பிள்ளை இறந்து பிறக்கும் ஆபத்து ஏறத்தாழ 23 வீதம் கூடுகிறது என்று 2011 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. இந்த எண்ணைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். அடிப்படை ஆபத்து சிறியது, அதன் மேல் 23 வீதம் கூடினாலும் பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. எடைக் குறைவு என்பது அப்படி அரிதான விஷயமல்ல. இலங்கையில் ஆறு ஏழு பிள்ளைகளில் ஒன்று 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கிறது. தாயின் போசாக்கு, இரத்தச் சோகை என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. திரிபோஷா கொடுத்து, இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து, மாதாமாதம் எடை பார்த்து இவ்வளவு பாடுபடும் ஒரு கிளினிக், அதே பிள்ளையின் எடையைத் தின்னும் வீட்டுப் புகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் விடுவது சரியா?

யன்னலைத் திறந்தால் போதும், மின்விசிறியைப் போட்டால் போதும், குசினியில் நின்று பத்தினால் போதும் என்பவை எல்லாம் உதவாத ஆறுதல்கள். பிறர் புகைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை, காற்றோட்டத்தால் அதை முழுதாக நீக்கவும் முடியாது என்று அமெரிக்கத் தலைமைச் சுகாதார அதிகாரியின் 2006 ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பக்கம் ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் தோட்டத்து வீடுகளில் ‘வெளியில் போய்ப் பத்துங்கள்’ என்றால், அந்த வெளி அடுத்த வீட்டுக் கர்ப்பிணியின் வாசலாக இருக்கும். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் கீழ்த்தளப் பால்கனியின் புகை மேல்தளப் படுக்கையறைக்குள் ஏறும்.

## வெற்றிலைக்கூறு: யாரும் கேட்காத பகுதி

‘நீங்கள் புகைப்பீர்களா?’ என்று கேட்டால், வெற்றிலையோடு புகையிலை போடும் பெண் உண்மையாகவே ‘இல்லை’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் குறையானது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த கூறு வாயில் அடங்கியிருக்கும் நேரம் முழுவதும் நிக்கொட்டின் இரத்தத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். அதில் காபனோரொட்சைட்டு இல்லை என்பது உண்மை. ஆனால் வாயில் போடும் புகையிலையும் எடைக் குறைவோடும் குறைமாதப் பிரசவத்தோடும் பிள்ளை இறந்து பிறப்பதோடும் தொடர்புடையது என்று தெற்காசிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகையிலை சேர்க்காத பாக்கும் பாதுகாப்பானதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது.

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இந்தப் பழக்கம் கூடுவதும் உண்டு. சத்தி வருது, வாய் கசக்குது, ஒரு வெற்றிலை போட்டால் அடங்கும் என்று வீட்டுப் பெரியவர்களே மடித்துக் கொடுப்பார்கள். அன்பில் கொடுக்கிறார்கள். அதனால்தான் ‘கூடாது’ என்று சொல்லிவிட்டுப் போகிற சுகாதார உத்தியோகத்தரின் பேச்சு அங்கே எடுபடாது. சத்திக்கு வேறு என்ன செய்யலாம் என்பதைக் கையோடு சொல்ல வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுவது, இஞ்சி, தேவைப்பட்டால் வைத்தியர் எழுதித் தரும் மருந்து. இந்த அளவு விபரம் கூடப் பயிற்சியில் இல்லாவிட்டால் அந்தப் பயிற்சி கொழும்புக்கு உரியதல்ல.

## ‘விட்டுவிடுங்கள்’ என்று சொல்ல ஏன் பயிற்சி?

சொல்வது எல்லோருக்கும் முடியும். பயிற்சி பெற்றவர் சொல்லும்போது விளைவு மாறுகிறதா என்று சோதித்திருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழு 2012 இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களிடம் வந்தவர்கள் தொடர்ந்து புகைக்காமல் இருப்பதற்கான வாய்ப்பு, பயிற்சி பெறாதவர்களிடம் வந்தவர்களை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடுதலாக இருந்தது. பயிற்சி பெற்றவர்கள் நிறுத்தும் நாளைக் குறிக்கச் செய்தார்கள், அடுத்த சந்திப்பை உறுதி செய்தார்கள், ஆலோசனை கொடுத்தார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் புத்திமதியோடு நின்றுவிட்டார்கள்.

உலகெங்கும் இந்தப் பயிற்சிகளின் எலும்புக்கூடு ஒன்றுதான், ஐந்து படிகள்.

1. கேட்டல். ஒவ்வொரு கர்ப்பிணியிடமும், கர்ப்பம் பதிவான முதல் சந்திப்பிலேயே. பிறகு ஒவ்வொரு வரவிலும்.

2. அறிவுரை. சுருக்கமாக, தெளிவாக, அந்த ஆளுக்குப் பொருந்தும்படி.

3. மனநிலையை அறிதல். இப்போது விடத் தயாரா, யோசிக்கிறாரா, கேட்கவே விருப்பமில்லையா?

4. உதவி. நாள் குறிப்பது, தூண்டும் நேரங்களை அடையாளம் காண்பது, தேவையானால் மருந்து, தொலைபேசி ஆலோசனை.

5. தொடர்தல். அடுத்த சந்திப்பு எப்போது என்று சொல்லி, அந்த நாளில் மறக்காமல் கேட்பது.

இதில் முதல் படியிலேயே பெரும்பாலான கிளினிக்குகள் சறுக்குகின்றன. அதனால் அதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

‘ஆமா, இல்லையா’ என்று கேட்டால் பலர் மறைப்பார்கள். கூட இருபது பேர் வாங்கில் காத்திருக்க, கூட்டத்தின் நடுவில் கேட்டால் எல்லோருமே மறைப்பார்கள். பதில்களைத் தெரிவுகளாகக் கொடுத்தால் உண்மை சொல்பவர்களின் தொகை கூடுகிறது என்று அமெரிக்கக் கர்ப்பிணிகளிடையே 1990களிலேயே கண்டிருக்கிறார்கள். நம் கிளினிக்கில் அது இப்படி இருக்கலாம்: “தங்கச்சி, உங்கட வீட்டில எப்படி? ஒருவரும் சிகரெட், பீடி பத்துறதில்லையா, வெளியில மட்டும் பத்துறாங்களா, இல்லாட்டி வீட்டுக்குள்ளயும் பத்துறாங்களா?” பிறகு, “நீங்க வெத்திலை போடுறனீங்களா? முந்திப் போட்டு இப்ப விட்டிட்டீங்களா? புகையிலை சேர்ப்பீங்களா?” இந்தக் கேள்விகளில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. எந்தப் பதிலைச் சொன்னாலும் அது வழமையான ஒன்றுதான் என்ற உணர்வைக் கேள்வியே கொடுத்துவிடுகிறது.

மொழியும் இங்கே ஒரு விஷயம். கொழும்பில் ஒரு தமிழ்த் தாய்க்கு அமையும் மருத்துவிச்சி சிங்களம் மட்டும் பேசுபவராக இருக்கலாம். இரத்த அழுத்தம் பார்க்க மொழி அவ்வளவு வேண்டியதில்லை. வீட்டுக்குள் நடப்பதைக் கேட்க வேண்டும் என்றால் மொழி இல்லாமல் முடியாது. கணவரையோ மூத்த பிள்ளையையோ மொழிபெயர்க்க வைத்துக் கேட்டால் அந்தக் கேள்வி அங்கேயே செத்துவிடும். கேள்விகளையும் தெரிவுகளையும் இரு மொழியிலும் அச்சிட்ட ஓர் அட்டை, தாய் விரலால் தொட்டுக் காட்டும்படி இருந்தால், பாதித் தடை நீங்கும். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

## அப்பாவை எங்கே பிடிப்பது?

உலக சுகாதார நிறுவனம் 2013 இல் கர்ப்பகாலப் புகையிலைப் பாவனை பற்றி வெளியிட்ட பரிந்துரைகள் இதில் தெளிவானவை. கர்ப்பிணியிடம் அவருடைய புகையிலைப் பாவனையோடு அவர் ஆளாகும் பிறர் புகையையும் கேட்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. முடிந்த இடத்தில் துணைவரோடும் வீட்டாரோடும் சுகாதாரப் பணியாளர் நேரடியாகப் பேசி, அவர்கள் விடுவதற்கும் உதவ வேண்டும் என்றும் சொல்கின்றன.

‘நேரடியாக’ என்பது முக்கியம். பல இடங்களில் நடப்பது வேறு. “உங்கட கணவரிட்ட சொல்லுங்கோ” என்று தாயின் தலையில் பொறுப்பைக் கட்டிவிடுகிறார்கள். கணவரின் புகையை நிறுத்துவது கர்ப்பிணியின் வேலை அல்ல. சில வீடுகளில் அப்படிச் சொல்வதே அவருக்கு ஆபத்து. எந்த வீட்டில் பெண் பயந்து வாழ்கிறார் என்பதைக் கண்டுகொள்ளவும், அப்படித் தெரிந்தால் புகையைப் பற்றிய பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு வைத்தியசாலைகளில் உள்ள மிதுரு பியச போன்ற உதவி நிலையத்துக்கு வழிகாட்டவும் பயிற்சியில் இடம் இருக்க வேண்டும். இதை ஒரு பின்னிணைப்பாகச் சேர்த்தால் போதாது.

இலங்கைக்கு இந்த விஷயத்தில் பல நாடுகளிடம் இல்லாத ஒரு பலம் இருக்கிறது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியே வந்த, வீடு தேடிப் போகும் குடும்ப நல உத்தியோகத்தர், நாம் மிட்வைஃப் மிஸ் என்று அழைப்பவர், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகு முதல் 10 நாட்களுக்குள்ளும் வாசலுக்கு வருகிறார். புகைக்கும் ஆணைக் கிளினிக்குக்கு அழைத்து வருவது கடினம். அவர் இருக்கும் வீட்டுக்கே போகக்கூடிய ஆள் ஏற்கெனவே இருக்கிறார். பகலில் துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் வேலைக்குப் போய்விடும் ஆணைச் சந்திக்க வேண்டுமானால், சில வருகைகளையாவது மாலையிலோ விடுமுறை நாளிலோ வைக்க வேண்டியிருக்கும். ஸ்கான் பார்க்கும் நாளும் நல்ல வாய்ப்பு. அன்றைக்குப் பல அப்பாக்கள் கூட வருகிறார்கள், மனம் இளகியும் இருக்கிறார்கள்.

அப்பாவிடம் என்ன சொல்வது? நோய்களின் பட்டியலைப் படித்துக் காட்டுவது பெரும்பாலும் கதவை மூடிவிடும். “பிள்ளை வருது, இதை விடச் சரியான நேரம் இல்லை, விடுறதுக்கு உதவி இருக்கு, எடுத்துத் தரட்டுமா?” என்ற அளவு போதும். ஆம் என்றால் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையின் 1948 என்ற உதவி இலக்கத்தை அப்போதே, அவர் முன்னாலேயே அழைத்துக் கொடுப்பது நல்லது. துண்டில் எழுதிக் கொடுத்த இலக்கம் சட்டைப்பையில் கிடந்து துவைபடும்.

## மருந்து விஷயத்தில் குழப்பம் வேண்டாம்

அப்பாவுக்கும் மற்ற வயது வந்தவர்களுக்கும் நிக்கொட்டின் சுவிங்கம், ஒட்டுப்பட்டை, வரனிக்ளின், பியூப்ரோப்பியன், சைட்டிசின் ஆகியவை உதவும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2024 ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. ஆலோசனையும் மருந்தும் சேரும்போது பலன் கூடும்.

கர்ப்பிணிக்கு இது அப்படியே பொருந்தாது. வரனிக்ளினும் பியூப்ரோப்பியனும் கர்ப்பத்தில் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 பரிந்துரை. சுவிங்கம், ஒட்டுப்பட்டை போன்ற நிக்கொட்டின் மாற்று மருந்தைப் பற்றி அந்தப் பரிந்துரை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஆலோசனையோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் உடல் நிக்கொட்டினை வழமையை விட வேகமாகக் கழித்துவிடுவதால் சாதாரண அளவு பலருக்குப் போதாமல் போகிறது என்பதும் ஒரு சிக்கல். ஆகவே மருத்துவிச்சி தானாக எதையும் பரிந்துரைக்காமல் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். தாய்க்கு முதல் மருந்து ஆலோசனையும் ஆதரவும்தான்.

குறைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். எண்ணிக்கையைக் குறைப்பவர் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து ஈடு செய்துவிடுகிறார். முழுதாக விடுவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு: விட்ட ஒரு நாளுக்குள் காபனோரொட்சைட்டு இரத்தத்திலிருந்து பெருமளவு நீங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் 15 வாரத்துக்குள் புகைப்பதை நிறுத்திய தாய்மாரின் பிள்ளைகள் எடையில் புகைக்காதவர்களின் பிள்ளைகளை ஒத்திருந்தன. அதற்குப் பிறகு விட்டாலும் பயன் உண்டு.

## பிள்ளை பிறந்த பிறகு

கர்ப்பத்தில் விட்ட பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிள்ளை பிறந்து ஓராண்டுக்குள் மறுபடி தொடங்கிவிடுகிறார்கள் என்பது மேலை நாட்டு அனுபவம். இங்கே வெற்றிலைக்கும் அப்பாமாரின் சிகரெட்டுக்கும் அதே ஆபத்து உண்டு. தூக்கமில்லாத இரவுகள், பணக் கஷ்டம், ‘பிள்ளைதான் பிறந்திட்டுதே’ என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து பழையதை இழுத்து வரும். ஒரு முறை தவறிப் பத்தியவரிடம் “பரவாயில்லை, திரும்பத் தொடங்குவோம்” என்று சொல்லத் தெரிய வேண்டும்.

பெற்றோர் இருவருக்கும் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, புகைக்கும் ஒருவர் பிள்ளையோடு ஒரே படுக்கையில் தூங்கக் கூடாது, திடீர் மரண ஆபத்து கூடும். மற்றது, புகையிலைப் பழக்கம் இருக்கிறது என்பதற்காகத் தாய் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. நிக்கொட்டின் பாலில் கலக்கும், உண்மைதான். ஆனால் தாய்ப்பால் கொடுக்கும் பாதுகாப்பு அதை விடப் பெரிது. விட முடியாமல் தவிக்கும் தாய் குறைந்தது பால் கொடுத்த பிறகு பயன்படுத்தினால் அடுத்த பாலில் அளவு குறையும்.

## இங்கிலாந்திலிருந்து எதை எடுக்கலாம்?

இங்கிலாந்தில் பிரசவ நேரத்தில் புகைக்கும் பெண்கள் 2006–07 இல் சுமார் 15 வீதம். 2023–24 இல் அது 7.4 வீதம். வரி, சட்டம், சமூக மாற்றம் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. கிளினிக்குகளில் அவர்கள் செய்தது, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் மூச்சில் காபனோரொட்சைட்டை அளந்து, அளவு பத்து இலட்சத்தில் 4 பங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் அவர் வேண்டாம் என்று சொன்னால் ஒழியத் தானாகவே ஆலோசகரிடம் அனுப்புவது. கிளாஸ்கோவில் 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், விட்டவர்களுக்கு 400 பவுண் வரையான கொள்வனவு அட்டைகள் கொடுத்தபோது 22.5 வீதத்தினர் விட்டனர். அட்டை இல்லாத குழுவில் அது 8.6 வீதம்.

மூச்சுக் கருவியை நம் தாய்மாருக்கு வைத்துப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வெற்றிலையை அது காட்டாது, பிறர் புகையையும் சரியாகப் பிடிக்காது. அப்பாவின் கையில் கொடுத்தால் கதை வேறு. தன் மூச்சில் ஓர் எண் ஏறுவதையும், விட்ட இரண்டாம் நாளே அது இறங்குவதையும் அவர் கண்ணால் பார்ப்பார். எனவே எடுத்துக்கொள்ள வேண்டியது கருவியை விட அந்த ஒழுங்கு: மறுக்காவிட்டால் தானாகவே அனுப்புவது, அனுப்பியவர் போய்ச் சேர்ந்தாரா என்று பார்ப்பது.

அதைப் பார்க்க ஒரு பதிவு வேண்டும். எத்தனை மருத்துவிச்சிகள் பயிற்சி பெற்றார்கள் என்று எண்ணுவது சுலபம், அறிக்கையில் அழகாகவும் இருக்கும். எண்ண வேண்டியவை வேறு: எத்தனை கர்ப்பிணிகளிடம் வீட்டுப் புகையும் வெற்றிலையும் கேட்கப்பட்டன, எத்தனை அப்பாக்களோடு நேரில் பேசப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குப் பிறகும் பத்தாமல் இருக்கிறார்கள். கிளினிக் கொப்பியில் இதற்கென மூன்று கட்டங்கள் ஒதுக்கினால், ஓராண்டில் கொழும்பின் ஒவ்வொரு பிரிவிலும் பயிற்சி வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.